உள்ளே விட்ட துணி

எந்த உடுப்பைக் கையில் எடுத்தாலும் அம்மா முதலில் அதை உள்புறமாகத் திருப்புவாள். நிறம், விலை, பூவேலை எல்லாம் பிறகுதான். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டின் பெரிய கடைகளிலும் இதே கதைதான். விற்கிற பெண் மடிப்புக் கலையாமல் நீட்டுகிற சுடிதாரை வாங்கி, பக்கத் தையலைப் புரட்டி, கட்டை விரலால் நீவிப் பார்ப்பாள். "உள்ள துணியே விடலியே இவன்" என்று என் பக்கம் திரும்பிச் சொல்வாள். அந்த 'இவன்' யாரென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. எங்கோ ஒரு கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர். அவர் மேல் அம்மாவுக்கு முப்பது வருடக் கோபம்.

வையம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அம்மாவின் கடை. போர்டு கிடையாது. ஒரு கால்மிதி மிஷின், ஒரு ஸ்டூல், துண்டுத் துணிகள் அடைத்த ஒரு கோணிப்பை. ஜூன் மாதம் பள்ளிச் சீருடை. ஆடி போனால் கல்யாண ஜாக்கெட். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள் சாப்பாடுகூட மிஷின் பலகையில்தான். நாற்பது வருடத்தில் அவள் மாற்றாத சட்டம் ஒன்றே ஒன்று: வளர்கிற பிள்ளையின் உடுப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே விட்டுத்தான் வெட்ட வேண்டும். பாவாடை என்றால் அடியில் இரண்டு டக் பிடிக்க வேண்டும். கொண்டுபோன தாய் மறு வருடம் வந்து நிற்பாள். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிரிச்சுக்கலாம், வச்சிட்டுப் போ" என்பாள்.

டக் பிரித்த பட்டுப்பாவாடையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வெளியே இருந்த துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும். உள்ளே மடிந்திருந்த பட்டை மட்டும் வாங்கிய அன்றைய நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதன் ஓரத்தில், உருவி எடுத்த தையலின் ஊசித் தடம் புள்ளி புள்ளியாக நிற்கும். என் அரக்குப் பாவாடையில் அப்படி இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று ஆறாம் வகுப்பு, இன்னொன்று ஏழு. கதவு நிலையில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பாவாடை அந்த வேலையைச் செய்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போன கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு காகித உறை வந்தது. தங்கை கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் என்பது கடல் கடந்த ஊராகவே தோன்றாது. திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சம், மதுரைக்குப் பஸ்ஸில் போய்வருவதைவிடக் கொஞ்சம் கூட. தைலமும் சாக்லேட்டும் எதிர்பார்த்திருந்த என் மகள் உறையைப் பார்த்து முகம் சுருங்கினாள். படத்தைப் பார்த்ததும் விரிந்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு கவுன், அரைக்கை, வட்டக் கழுத்து. பனியன் துணியில் தைக்க வேண்டியது. அவளுக்குப் பதின்மூன்று வயது. அதைத்தான் மூன்று மாதமாகச் செல்போனில் காட்டிக்காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உறைக்குள் பேட்டர்ன். வெங்காயச் சருகுபோல மெல்லிய காகிதம், பிரித்தால் கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்கிறது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்று பேரும் நான்கு மூலையிலும் படி, உழக்கு, இஸ்திரிப்பெட்டி என்று வைத்து அமுக்கினோம். தையல் வகுப்பில் நாங்கள் பிரவுன் பேப்பரில் போட்டுப் பழகிய கட்டிங் ஒரு ஆளுக்கு ஒரு கோடு. இதில் ஒரு கைக்குழிக்கு ஏழு கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, விட்டுவிட்டும் புள்ளி வைத்தும் ஓடுகின்றன. ஏழு சைஸ் ஒரே தாளில். உன் கோட்டை நீ கண்டுபிடித்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படிக் காகிதத்தில் அளவை விற்கும் தொழிலுக்கு வயது அதிகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்றொரு தையற்காரர் இருந்தார். ஒரே சட்டையைப் பல அளவுகளில் வெட்டித் தரும் காகிதங்களை 1863இல் விற்கத் தொடங்கினார். முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பார்த்தார், மடித்து அனுப்ப முடியவில்லை. அதனால்தான் இந்தச் சருகுக் காகிதம். தபாலில் போகவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வந்த மென்மை நூற்றி அறுபது வருடம் கழித்தும் எங்கள் கூடத்தில் படபடக்கிறது.

அளவு எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை நிறுத்திவைத்து, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளவெடுத்தது. விவசாயத் துறைக்கு ஜாக்கெட் அளவில் என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டு நிர்வாகம், உணவு, துணி எல்லாம் அப்போது அங்கே அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கணக்கிலிருந்துதான் பின்னால் ஆயத்த ஆடைக்கான சைஸ் எண்கள் பிறந்தன. பேட்டர்ன் உறையில் பெண்களுக்கான 12ஆம் சைஸ் என்றால் மார்பு 34 அங்குலம், இடுப்பு 26½, அதற்குக் கீழே 36. நம் ஊரில் மார்பு 34 உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு இடுப்பு இருபத்தாறரை? எனக்குத் தெரிந்த கட்டிங் நோட்டில் ஒருவர்கூட இல்லை. நம் நாட்டுக்கென்று ஒரு சைஸ் அட்டவணை வேண்டுமென்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 25,000 பேருக்கு மேல் முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. நல்ல வேலைதான். ஆனால் 25,000 பேரைக் கூட்டி வகுத்தால் கிடைக்கிற உடம்பு யாருடையது? அந்த உடம்பு எந்தத் தெருவிலும் நடந்து போகாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அது புதிதாகவே படவில்லை. "அளவு ஜாக்கெட்டு மட்டும் என்னவாம்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாலும், வருகிறவர்களில் பாதிப் பேர் பைக்குள்ளிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். "இதே மாதிரி. கை மட்டும் கொஞ்சம் லூசு. முன்கழுத்து அரை இஞ்ச் எறக்கம்." அதுதான் நம்முடைய பேட்டர்ன். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பீரோவிலும் ஒன்று கிடக்கிறது. நிறம் போனாலும், அக்குளில் கிழிந்தாலும் தூக்கிப் போடமாட்டார்கள். அம்மா அதை வாங்கிக்கொள்வாள், ஆனால் நம்பமாட்டாள். ஆளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பாள். "அளவு ஜாக்கெட்டுங்கறது போன வருசத்து உடம்பு" என்பது அவள் கணக்கு. பிள்ளை பெற்றவள், சர்க்கரை வந்து இளைத்தவள், புருஷன் போன பிறகு சோறு இறங்காதவள் எல்லோரும் அந்தப் பழைய ஜாக்கெட்டையே நீட்டுவார்கள். தங்கள் உடம்பு மாறிவிட்டதை ஒத்துக்கொள்ள டேப்புக்கு முன்னால் நிற்க வேண்டுமே.

ஆக, சிங்கப்பூர்க் காகிதத்தில் இருப்பது யாருடையதுமல்லாத உடம்பு. அளவு ஜாக்கெட்டில் இருப்பது இப்போது இல்லாத உடம்பு. டேப்பில் கிடைப்பதோ இன்றைய தேதி மட்டும்.

எங்கள் மகளுக்கோ தேதி ஓடிக்கொண்டிருந்தது. பங்குனியில் எடுத்த அளவு வைகாசியில் செல்லவில்லை. மார்புக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, உயரத்துக்கு இன்னொன்று என்று மூன்று சைஸ்களுக்கு நடுவே பென்சிலால் பாலம் போட்டேன். அப்போதுதான் உறையின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியை அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். தைத்து முடித்த பிறகு கவுனின் மார்புச் சுற்று எவ்வளவு இருக்கும் என்ற வரி. என் மகளுக்கு 30 அங்குலம். கவுனுக்கு 29.

"தப்பா அச்சடிச்சிருக்கான்" என்றாள் அம்மா.

தப்பில்லை. பின்னல் துணியில் உடம்பைவிடச் சிறிதாக வெட்டுவதுதான் முறை. உறையின் ஓரத்திலேயே ஒரு அளவுகோல் அச்சிட்டிருந்தது. துணியைக் குறுக்கே மடித்து நான்கு அங்குலத்தைப் பிடித்துக்கொள்; இழுத்தால் இந்தக் கோடுவரை வரவேண்டும்; வராவிட்டால் இந்தத் துணி வேண்டாம் என்று அதற்குப் பொருள். துணியை வெட்டுவதற்கு முன் இழுத்துப் பார்க்கச் சொல்லும் கட்டளையை அம்மா நாற்பது வருடத்தில் கேள்விப்பட்டதில்லை. அவள் இழுத்துப் பார்ப்பது சாயம் போகுமா, இழை விடுமா என்று அறியத்தான்.

துணி எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டுப் பெண் பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். கைமடியாகப் போய்ச் சேர்ந்து டெய்லராகி, பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியவள். இப்போது ஒரு பழைய ஓவர்லாக் மிஷினை வைத்துக்கொண்டு, புத்தாநத்தத்திலிருந்து வருகிற நைட்டிகளுக்கு வேலை செய்கிறாள். திருப்பூர் காதர்பேட்டைக்குப் போயிருந்தபோது ஒரு கிலோ வாங்கிவந்தாள். ஆம், கிலோதான். பனியன் துணியை மீட்டரில் கேட்பவன் வெளியூர்க்காரன். சதுர மீட்டருக்கு 180 கிராம் கனம் உள்ள துணி, கிட்டத்தட்ட ஆறடி அகலத்தில், ஒரு கிலோவுக்கு மூன்று மீட்டர் வரும். மீட்டருக்கு ஏன் விலை சொல்வதில்லை என்றால், இந்தத் துணிக்கு நீளமே நிலை இல்லை. கொக்கியில் தொங்கவிட்டால் ஒரு நீளம், மேஜையில் படுக்கவைத்தால் ஒரு நீளம், நனைத்துக் காயவைத்தால் இன்னொன்று. எடை ஒன்றுதான் பொய் சொல்லாது.

நனைத்துக் காய்ந்த துணியை வெட்ட உட்கார்ந்தேன். வெட்டிய ஓரம் வதங்கிய வெற்றிலைபோலச் சுருண்டுகொண்டது. ஊசிமுனையால் ஓரத்தை விரித்து உற்றுப் பார்த்தபோதுதான் என் கைக்குப் பழகிய துணியிலிருந்து இது எவ்வளவு விலகியது என்று புரிந்தது. நெசவுத் துணியில் பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அசைய இடமில்லை. பின்னலில் குறுக்கே ஓடும் ஒரே நூல், கண்ணி கண்ணியாக வளைந்து, மேல்வரிசைக் கண்ணி கீழ்வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. முன்பக்கம் 'வி' வடிவக் கோடுகள் வரிசையாக இறங்குகின்றன. பின்பக்கம் சிறு பிறைகள். இழுத்தால் நூல் நீள்வதில்லை. வளைவு நிமிர்கிறது, அவ்வளவுதான். விட்டால் மறுபடி வளைகிறது. துணிக்குள் இருக்கும் நூல் அந்தத் துணியின் நீளத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த அதிகம் முழுவதும் வளைவுகளில் ஒளிந்திருக்கிறது.

கையால் ஊசி போட்டுப் பின்னியதை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் லீ. 1589இல் இங்கிலாந்தில் காலுறைக்காக அவர் செய்த பொறி அது. கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தத் துணி பெரும்பாலும் உடம்பை ஒட்டிய உள்ளாடையாகவே கிடந்தது. கோக்கோ ஷனேல் 1916 வாக்கில் அதைப் பெண்களின் வெளியுடுப்பாகத் தைத்துக் காட்டினார். நம் ஊரிலும் இந்தத் துணிக்குப் பெயர் உள்ளே போடுகிற உடுப்பின் பெயர்தான். அப்பாவின் பனியனில் பக்கத் தையலே இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டப் பின்னல் மிஷினிலிருந்து அது குழாயாகவே வருகிறது. உடம்பின் சுற்றளவே துணியின் சுற்றளவு.

முதல் தையல் போட்டேன். அம்மாவின் மிஷினில், பருத்தித் துணிக்குப் போடுகிற அதே ஊசியில். இரண்டு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் தையல் தாண்டியது. அடியில் பாபின் நூல் சிடுக்கானது. கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி அடித்தேன். பக்கத் தையல் ஒருவழியாக நேராக வந்தது, அழகாகவே இருந்தது. மகள் தலைவழியாக மாட்டிக் கையை உயர்த்தினாள். படபடவென்று மூன்று இடத்தில் நூல் அறுந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. துணி நெகிழ்ந்தது, நான் போட்ட நேர்த்தையல் நெகிழவில்லை. கழுத்தோ கேட்கவே வேண்டாம். அதைச் சுற்றி வைக்கும் ரிப் பட்டையை அடிக்கும்போது துணி நழுவுகிறதே என்று பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தேன். முடிந்து பார்த்தால் மணப்பாறை முறுக்குபோல அலை அலையாக நெளிந்திருந்தது.

எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

"ஊசிய மாத்துங்கக்கா. முனை உருண்டையா இருக்கும் பாருங்க, அது. கூரான ஊசி கண்ணிய அறுத்துப்புடும். உருண்டை முனைன்னா ஒதுக்கிட்டுப் போகும்." பிறகு கழுத்தைக் கையில் எடுத்தாள். "ரிப்ப கழுத்து அளவுக்கே வெட்டிட்டீங்களா?"

"ஆமா. ரெண்டும் சரியா இருக்கணும்ல?"

"சரியா இருந்தா நிமிந்து நிக்கும்க்கா. கழுத்தவிட ரிப்பு கொறச்சலா இருக்கணும். பத்துக்கு எட்டு, எட்டரை. அப்பத்தான் படுத்து உக்காரும்."

பதினோரு வருடத்தில் அவள் பெரும்பாலும் கழுத்துதான் அடித்திருக்கிறாள். கட்டிங் ஒருவர், தோள் ஒருவர், கை ஒருவர், கழுத்து இவள், அடிமடிப்புப் பேட்லாக்கில் இன்னொருவர், பிசிறு வெட்ட ஒருவர். ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கழுத்துக்குள் யார் தலை நுழைந்தது என்று தெரியாது. 1978இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வியாபாரிதான் திருப்பூரின் ஏற்றுமதிக்கு வழி திறந்தார் என்று அங்கே சொல்வார்கள். அன்றிலிருந்து எஸ், எம், எல் என்ற மூன்று நான்கு எழுத்துகளுக்குள் உலகத்து உடம்பை எல்லாம் அடைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது அந்த ஊர். அடைக்க முடிகிறதென்றால் அது எழுத்தின் திறமை அல்ல, துணியின் பெருந்தன்மை. இதே எஸ், எம், எல் கணக்கில் நெசவுத் துணியில் ஜாக்கெட் தைத்து அனுப்பிப் பார்க்கட்டும், பாதி திரும்பி வரும்.

அவள் போன பிறகு, பிரித்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பொருந்துவது என்றால் சமமாக இருப்பது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறேன். 30 அங்குல உடம்புக்கு 30 அங்குலத் துணி. கழுத்து அளவுக்கே ரிப். அப்படி வெட்டியது எதுவும் பொருந்தவில்லை. ஏனென்றால் உடம்பு ஒரு அளவில் நிற்பதில்லை. மூச்சு இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று. கை தூக்கினால் ஒன்று, சோறு உண்டால் ஒன்று. தையற்காரரின் வேலை அளவெடுப்பதில் பாதிதான். எடுத்த அளவு நாளைக்குத் தப்பாகப் போகும் என்று தெரிந்து, அந்தத் தப்புக்கு எங்கே இடம் விடுவது என்பது மீதிப் பாதி.

அந்த இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும், ஒரு காலத்துக்கும் இன்னொரு காலத்துக்கும் வித்தியாசம். சேலை அதை வெளியே, கொசுவத்தில் வைத்தது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையை ஐந்து மாதக் கர்ப்பிணியும் கட்டுகிறாள், ஒன்பது மாதக்காரியும் கட்டுகிறாள். இரண்டு மடிப்புக் குறையும், அவ்வளவுதான். பிள்ளை பெற்று மீண்டால் மடிப்பும் மீளும். சேலைக்கு சைஸ் கிடையாது. இரண்டாயிரம் வருடம் முன்பு செங்கடல் வழியை எழுதிவைத்த கிரேக்க மாலுமி, அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிக் குறித்திருக்கிறான். அது நம் உறையூர்தான் என்கிறார்கள். அந்தத் துணியை யார் அளவுக்கு நெய்வது என்ற கேள்வி உறையூர்த் தறிக்காரருக்கு எழுந்திருக்காது. நீளமாக நெய்து கொடுத்தால் போதும். மிச்சத்தைக் கட்டுகிறவள் பார்த்துக்கொள்வாள்.

வெட்டித் தைக்கிற உடுப்பு வந்தபோது கொசுவத்துக்கு இடமில்லாமல் போனது. அதை அம்மாவின் தலைமுறை உள்ளே, தையலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. அவர்கள் நெசவுத் துணியிலேயே கொஞ்சம் நெகிழ்ச்சியையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கிராஸ் கட் ஜாக்கெட் வேறென்ன? பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் சாய்த்து வெட்டினால் அசையாத துணியும் மார்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பாரிஸில் மாதலென் வியோனே 1920களில் இதே சாய்வெட்டால் பேர்பெற்றார். வையம்பட்டியில் அதற்குக் கூலி பத்து ரூபாய் கூட.

பின்னலோ அந்த இடத்தைத் தனியாக எங்கும் வைக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி வைத்துவிட்டது. பிரிக்க வேண்டாம், கொசுவம் வேண்டாம். தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட கணத்தில், தேவைப்பட்ட அளவு. ஆனால் நீள்வதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நீள்கிற துணி நிறைய உண்டு. நீண்டது அப்படியே நின்றுவிட்டால் முழங்கையில் பை தொங்கும், உட்கார்ந்து எழுந்த இடம் குழிவிழும். வெறும் பருத்திப் பின்னல் சாயங்காலத்துக்குள் அலுத்துப்போகிறது. 1958இல் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ரப்பர் போன்ற இழையை நூற்றுக்கு ஐந்து சேர்த்துவிட்டால் அது நினைவோடு திரும்புகிறது. பனியன் துணியை எடைபோடத் தெரிந்த எதிர்வீட்டுப் பெண் இழுப்பதைவிட விடுவதைத்தான் கவனிக்கிறாள். இழுத்து, விட்டு, அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கிறாள்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பனியன் துணி எதையும் பதிவு செய்வதில்லை. என் மகள் இந்த வருடம் எவ்வளவு வளர்ந்தாள் என்று அந்தக் கவுன் ஒருநாளும் சொல்லாது. பளிச்சென்ற பட்டை இராது, ஊசித் தடம் இராது. ஜாக்கெட் இறுக்கினால் 'வயசுக்கு வந்துட்டா, துணி எடுக்கணும்' என்று வீடு விழித்துக்கொள்ளும். இந்தத் துணி சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போவதுபோல.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு ஓவர்லாக்கில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது அவள். நான் பக்கத்தில். "நீங்களே அடிங்க" என்று எழுந்துகொண்டாள். என் கை பழக்கத்தில் துணியை இழுத்தது. அவள் என் மணிக்கட்டை லேசாகத் தட்டினாள். "இழுக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம்க்கா. சும்மா கையக் காட்டுங்க. பல்லு அதுவா இழுத்துக்கும்." மூன்று நூல் பின்னிப் பின்னி ஓடியது. ஓரத்தில் கத்தி இறங்கி ஏறி, தையலுக்கு வெளியே நீட்டியிருந்த துணியை எல்லாம் நறுக்கித் தள்ளியது. காகிதம் தையலுக்காக விடச் சொன்னது 1.5 சென்டிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் தரையில்.

அம்மா அந்த நறுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பிரிக்க ஒண்ணுமே வைக்கலியேடி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

கழுத்தை எதிர்வீட்டுப் பெண் அடித்தாள். அதை நான் கேட்டுக்கொண்டேன். பத்துக்கு எட்டரையாக வெட்டிய ரிப்பை நான்காகக் குறித்து, கழுத்தையும் நான்காகக் குறித்து, குறியோடு குறி சேர்த்தாள். கண் மிஷினில் இல்லை, வாசலில் விளையாடும் தன் பிள்ளைமேல் இருந்தது. முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் தெளித்து இஸ்திரிப்பெட்டியை ஒரு தரம் வைத்து எடுத்தாள். ரிப் கழுத்தோடு படுத்துக்கொண்டது. அவள் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என் மகளைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே தலைவழியாக மாட்டிவிட்டு, பின்கழுத்தில் விரலை விட்டு ஒரு முறை சரிசெய்தாள். கூந்தலை வெளியே எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

இரவு, கழற்றிப்போட்ட கவுனை அம்மா மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். வழக்கப்படி உள்புறமாகத் திருப்பினாள். பக்கத் தையலைக் கட்டை விரலால் நீவினாள். மூன்று நூல் பின்னிய மெல்லிய கரை, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இடுப்பு இருக்கும் இடத்தில் இரண்டு கையையும் உள்ளே விட்டு மெதுவாக அகட்டினாள். துணி வந்தது. இன்னும் அகட்டினாள், வந்தது. கையைச் சேர்த்தாள், அது திரும்பிப் போனது. மூன்று தரம் செய்தாள்.

"உள்ள விடல" என்றாள். கொஞ்சம் கழித்து, "துணியிலயே விட்டு வச்சிருக்கான்" என்றாள்.

இந்த முறை 'இவன்' இல்லை என்பதைக் கவனித்தேன்.

கீழ் மடிப்பு இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கையாலேயே ஹெம்மிங் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை காலை மகள் சிநேகிதியின் பிறந்தநாளுக்கு மணப்பாறை பஸ்ஸைப் பிடிக்க அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓரம் மடிக்கவில்லையே என்று கத்தினேன். "பனியன் துணி பிரியாதும்மா, அத்தை சொன்னாங்க" என்று வாசலிலிருந்தே பதில் வந்தது. வெட்டின ஓரம் கணுக்காலுக்கு மேலே லேசாகச் சுருண்டபடி, ரோட்டைக் கடந்து ஓடியது.